அசுர வேஷம் யாருக்குப் பொருந்தும்?

2016-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், திங்கட்கிழமை. ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவித்துப் பதின்மூன்று நாட்களே ஆகியிருந்தன. உல்லாஸ்நகரில் நாங்கள் ஏறும் காலை லோக்கல் வண்டியில் அந்நாட்களில் வங்கி வாசல் வரிசையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அன்று மட்டும் பேச்சு மாறிற்று. அதற்குக் காரணம், ஒருவர் கையிலிருந்த நாளிதழில் வெளியாகியிருந்த ஒரு படமே. இறகு முளைத்த புருவம், சிவந்த கண்கள், கூரிய நகங்கள்! காக்கையும் மனிதனும் கலந்தாற்போன்ற ஒரு பயங்கர உருவம். அது யாரென்று கேட்டால், இந்திப் பட உலகின் கதாநாயகர் அட்சய் குமார் என்றார்கள்.

முந்திய நாள்தான் மும்பை அந்தேரியிலுள்ள யஷ் ராஜ் ஸ்டூடியோவில் டைரக்டர் ஷங்கரின் ‘2.0’ படத்தின் முதல் தோற்றத்தை வெளியிட்டிருந்தார்கள். 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் அடுத்த பாகம் அது. விஞ்ஞானி வசீகரனாகவும் சிட்டி என்னும் இயந்திர மனிதனாகவும் ரஜினிகாந்த் நடிக்க, அவரை எதிர்க்கும் பட்சிராஜன் என்னும் பறவை அசுரனாக அட்சய் குமார் நடிக்கிறார் என்பது செய்தி.

கல்யாண் வருவதற்குள் பெட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. தாதரில் கணக்கராக இருந்த முதியவர் ஒருவர், “தம்பி, பெயரோ பட்சிராஜன். நடிக்க வருபவருக்குப் பட்சி என்ற சொல்லையாவது ஒழுங்காகச் சொல்ல வருமா?” என்று கேட்டார். எதிர் இருக்கையிலிருந்த இந்தி அன்பருக்கோ வேறு கவலை. “எங்கள் நாயகரை அழைத்துப் போய் உங்கள் நாயகரிடம் அடி வாங்க வைக்கப் போகிறார்களே!” என்று அவர் குறைபட்டுக்கொண்டார். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். மும்பைத் தமிழனாகிய நான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று எழுந்த ஐயங்களை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்து எண்ணிப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. படம் 2018 நவம்பர் 29-ஆம் தேதி வெளியாகி, விடையும் தெரிந்துவிட்டது. எந்த ஐயம் நியாயமானது, எது வெறும் மனத்தாங்கல் என்று இப்போது நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். புதிய படம் ஒன்று அறிவிக்கப்படும் போதெல்லாம் இதே ஐயங்கள் வேறு பெயர்களோடு மீண்டும் வருகின்றன. 2025-இல் ‘கூலி’ வெளிவருமுன், தெலுங்கு நாயகர் நாகார்ஜுனா எப்படி வில்லனாவார் என்ற பேச்சு நம் வீடுகளிலும் அடிபட்டதல்லவா?

முதல் ஐயம்: நாயக வேஷத்துக்கும் நகைச்சுவைக்கும் பழகிய முகம் அசுர முகமாகுமா என்பது. இதற்கு விடை முன்னமே இருந்தது, நாம்தாம் கவனிக்கவில்லை. 2001-இல் வெளியான ‘அஜ்நபீ’ என்னும் இந்திப் படத்தில் அட்சய் குமார் வில்லனாக நடித்து, அதற்காகவே பிலிம்பேர் பரிசும் பெற்றிருந்தார். எனவே வில்லத்தனம் அவருக்குப் புதிதன்று.

நம் பக்கத்திலோ இந்த ஐயத்துக்கு இடமே இருந்திருக்கக் கூடாது. பெங்களூரில் மராட்டியக் குடும்பத்தில் சிவாஜி ராவ் கெய்க்வாடாகப் பிறந்தவரே ரஜினிகாந்த். 1975-இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் திரையில் தோன்றியபின், 1976-இல் ‘மூன்று முடிச்சு’, 1977-இல் ‘அவர்கள்’, ‘16 வயதினிலே’ என்று அவர் வெறுக்கத்தக்க மனிதராக நடித்தே நம் நெஞ்சில் இடம்பிடித்தார். பரட்டையைத் திட்டிய வாய்தானே பின்னர் அவரைத் தலைவர் என்று அழைத்தது? நாயகன் வில்லனாகலாமா என்று கேட்பவர்கள், வில்லன் நாயகனானதை மறந்துவிட்டார்கள்.

இரண்டாம் ஐயம்: இவர் முதலில் நினைக்கப்பட்டவர் அல்லரே என்பது. இந்த வேஷத்துக்கு முதலில் அமெரிக்க நடிகர் அர்னால்டு சுவார்ஸ்நேகருடன் பேச்சு நடந்தது. ‘ஐ’ படத்தின் பாடல் வெளியீட்டு விழாவுக்காக 2014 செப்டம்பரில் அவர் சென்னைக்கே வந்து போனவர். ஆனால் ‘2.0’ பேச்சு முடிவுக்கு வரவில்லை. 2015 டிசம்பரில் படப்பிடிப்பு தொடங்கியபோது அட்சய் குமார் அந்த இடத்துக்கு வந்தார். “உலக வீரனுக்குத் தைத்த சட்டையை உள்ளூர்க்காரருக்கு மாட்டுகிறார்கள்” என்று சிலர் எள்ளி நகைத்தார்கள்.

இப்படி எள்ளுபவர்களுக்கு 1931-ஆம் ஆண்டின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதையைச் சொல்ல வேண்டும். ‘டிராகுலா’வாக நடித்துப் பெரும் புகழ் பெற்றிருந்த பேலா லுகோசியின் பெயர்தான் அந்தப் பூதத்துக்கு முதலில் அடிபட்டது. முடிவில் வேஷம் கிடைத்தது, சிறு வேஷங்களில் நடித்து வந்த போரிஸ் கார்லாஃப் என்பவருக்கு. அவருடைய இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். இலண்டனில் பிறந்தவர், இந்திய இரத்தமும் கலந்த குடும்பத்தினர். படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர்களைக் காட்டும்போது, பூதத்துக்கு நேரே பெயர் போடாமல் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டார்கள்! படம் முடிந்து வெளியே வந்த ஜனங்கள் அந்தக் கேள்விக்குறியைத்தான் தேடினார்கள். இன்றும் ஃபிராங்கன்ஸ்டைனின் பூதம் என்றால் உலகம் நினைப்பது கார்லாஃபின் முகத்தையே. ஆகவே முதலில் யாரை அழைத்தார்கள் என்பது படமுதலாளியின் கணக்குப் புத்தகத்துக்குரிய விஷயம். கொட்டகையில் அமர்ந்திருப்பவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

மூன்றாம் ஐயம்தான் கனமானது. தமிழ் தெரியாதவர் தமிழ்ப் பாத்திரமாகலாமா? தாதர்க் கணக்கர் கேட்டது இதைத்தான்.

வெளியிலிருந்து வந்த வில்லன்கள் தமிழ்த் திரைக்குப் புதியவர்கள் அல்லர். 1951-இல் ‘பாதாள பைரவி’யில் மாந்திரீகனாக வந்து குழந்தைகளை நடுங்க வைத்த எஸ். வி. ரங்காராவ் தெலுங்கர். எத்தனையோ படங்களில் நம் தாய்மார்களின் சாபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட எம். என். நம்பியார் கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்தவர். 1991-இல் ‘தளபதி’க்கு அம்ரீஷ் பூரி வந்தார். ‘எந்திரன்’ படத்திலேயே போராவாக டேனி டென்சோங்பா வந்தார். ஆனால் இவர்களுக்குள் ஒரு வேறுபாடு உண்டு. நம்பியாரும் ரங்காராவும் தமிழைத் தம் வாயிலேயே உருட்டிப் பழகிக்கொண்டார்கள். ரங்காராவின் பேச்சில் தெலுங்கு வாடை சற்று இருந்தாலும், அதுவே அந்த வேஷத்துக்கு ஒரு மிடுக்கைத் தந்தது. பிற்காலத்தில் வந்தவர்கள் பலர் முகத்தை மட்டும் தந்தார்கள். குரலை வேறொருவர் தந்தார். பட்சிராஜனுக்கும் அவ்வாறே ஆயிற்று. தமிழ்ப் பதிப்பில் நாம் கேட்டது நடிகர் ஜெயப்பிரகாஷின் குரல்.

வேற்றூர்க்காரர் என்பதே குற்றமாகாது. அந்த வேற்றூர்த் தன்மை பாத்திரத்துக்கு உரியதா, அன்றா என்பதைத்தான் நோக்க வேண்டும். இதற்கு அதே 2018-ஆம் ஆண்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் 7-ஆம் தேதி பா. இரஞ்சித்தின் ‘காலா’ வெளியாயிற்று. நம் தாராவியே கதைக்களம். காலா சேட்டாக ரஜினிகாந்த். தாராவி நிலத்தின்மேல் கண் வைக்கும் ஹரி தாதாவாக மராட்டிய நடிகர் நானா படேகர். அங்கே வில்லனுடைய பிறப்பும் பேச்சும் அவன் நடையில் தெரியும் அதிகாரமும் பாத்திரத்தின் சதையும் எலும்புமாக இருந்தன. தமிழ் நடிகர் ஒருவர் அந்த வெள்ளைச் சட்டையை அணிந்திருந்தால் பாதி பலம் போயிருக்கும். ‘மூன்று தலைமுறையாக இங்கே இருந்தாலும் நீ இந்த ஊரானா?’ என்ற கேள்வியை நம்மிடம் யார் எந்தத் தொனியில் கேட்பார்கள் என்பது தாராவிக்காரர்களுக்குத் தெரியும். அந்தத் தொனியை நானா படேகர் கண்ணாலேயே காட்டினார்.

பட்சிராஜன் அப்படிப்பட்டவன் அல்லன். அவன் தமிழ் மண்ணில் பறவைகளோடு வாழ்ந்த கிழவன். அவன் அழுவது தமிழில். ஆகவே கணக்கர் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான் என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் அவருக்குத் தெரியாத, நானும் பின்னரே அறிந்துகொண்ட செய்திகள் இரண்டு உண்டு.

ஒன்று, அட்சய் குமார் நமக்கு அவ்வளவு அந்நியர் அல்லர். ராஜீவ் ஹரி ஓம் பாட்டியா என்னும் இயற்பெயர் கொண்ட அவர், சிறு வயதில் வளர்ந்தது சயான் கோலிவாடாவில். முன்பு கோலிவாடா என்று வழங்கிய ரயில் நிலையம்தான் இன்றைய குரு தேக் பகதூர் நகர். படித்தது மாதுங்கா டான் பாஸ்கோ பள்ளியில். மாதுங்காவில் பள்ளிக்குப் போன பையன் தமிழ்ச் சொல்லே காதில் விழாமல் வளர்ந்திருக்க முடியுமா? பூக்கடையும் இட்லிக் கடையும் கோயிலும் இருக்கும் வீதிகள் அவை. அரோரா கொட்டகையில் தமிழ்ப் படங்கள் ஓடிய வட்டாரம் அது. நாம் “வடக்கத்தியார்” என்று ஒதுக்கியவர் நம் பக்கத்துத் தெருக்காரர்.

மற்றொன்று, பட்சிராஜன் என்னும் பாத்திரத்தின் வித்தே மும்பையில் முளைத்தது. பறவையியல் அறிஞர் சலீம் அலியை மனத்திற்கொண்டுதான் ஷங்கர் அந்தக் கிழவரைப் படைத்தார். சலீம் அலி 1896 நவம்பர் 12-இல் இந்நகரில் பிறந்தவர். பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்த சிறுவன். ஒருநாள் தான் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனான். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு என்னும் வெள்ளையர் அவனுக்குப் பறவைச் சேகரத்தைத் திறந்து காட்டினார். அந்த ஒரு நாள் அவனுடைய வாழ்நாள் முழுவதையும் நிர்ணயித்துவிட்டது. 1941-இல் அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றும் பறவை நோக்குவோர் கையில் இருக்கிறது. 1976-இல் பத்ம விபூஷண் பெற்று, 1987-இல் மறைந்தார். அவர் பெயரால் கோவைக்கு அருகே ஆனைகட்டியில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. கொன்ற குருவிக்காக மனம் மாறிய மனிதரிலிருந்து, குருவிகளுக்காகக் கொல்லும் அசுரனைப் படைத்தது கற்பனையின் விந்தைதான்.

இங்கேதான் அசுர வேஷத்தின் இரகசியம் இருக்கிறது. பூதம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. அதற்கு ஒரு துக்கம் வேண்டும். 1954-இல் ஜப்பானியர் ‘காட்ஜில்லா’வைப் படைத்தபோது, அந்த மாபெரும் பல்லிக்குள் ஹருவோ நகஜிமா என்னும் நடிகர் கனத்த ரப்பர் உடையை அணிந்து வியர்த்து நடந்தார். அவர் முகம் ஒரு கணமும் தெரியவில்லை. எனினும் அந்தப் பூதம் உலகை உலுக்கிற்று. ஏனெனில் அணுகுண்டுச் சோதனையால் கலங்கிக் கடலிலிருந்து எழுந்தது அது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் பசிபிக் கடலில் நடந்த குண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள் மேல் விழுந்திருந்தது. படம் பார்த்தவர்களுக்குப் பூதத்தின் கோபம் புரிந்தது.

நம் முன்னோர்களும் இதை அறிந்தவர்களே. தெருக்கூத்தில் துரியோதனனும் இரணியனும் கனத்த வேஷங்கள், எளியவனுக்குக் கொடுக்கமாட்டார்கள். திரையில் வில்லனாக அடி வாங்கிய ஆர். எஸ். மனோகர், மேடையில் ‘இலங்கேஸ்வரன்’, ‘சூரபத்மன்’ என்று அசுரர்களையே நடுவில் நிறுத்தி நாடகம் நடத்திப் புகழ்பெற்றார். இராவணன் வீழும்போது சபையில் ஒருவராவது பெருமூச்சு விடவில்லையென்றால் அந்த வேஷம் பலிக்கவில்லை என்று பொருள்.

அந்த அளவுகோலால் பட்சிராஜனை அளப்போம்.

படத்தின் தொடக்கத்திலேயே முதியவர் ஒருவர் செல்பேசிக் கோபுரத்தில் ஏறி உயிரை மாய்த்துக்கொள்கிறார். அதன்பின் நகரத்தார் கைகளிலிருந்து செல்பேசிகள் பறந்து போகின்றன. அவை ஆயிரமாயிரமாகச் சேர்ந்து ஒரு ராட்சதப் பறவையாகின்றன. நெடுநேரம் வரை நாம் காண்பது கணிப்பொறி வரைந்த பூதத்தைத்தான்; நடிகரை அல்ல. பின்னர் அவர் கதை விரிகிறது. பறவைகள் செத்து விழுவதைக் கண்டு, முறையிட வேண்டிய இடத்திலெல்லாம் முறையிட்டு, கேட்பார் எவருமில்லாமல் திரும்பும் கிழவராக அட்சய் குமார் வருகிறார். தளர்ந்த தோள், நரைத்த தாடி, இறந்த குருவியை ஏந்திய கை. சண்டைக்குப் பேர்போன அந்த உடம்பு முழுவதும் ஒடுங்கிப் போயிருந்தது. நாள்தோறும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒப்பனைக்காக உட்கார்ந்திருந்தாராம். அந்தப் பொறுமை முகத்தில் தெரிந்தது.

என் அருகில் என் தமக்கையின் மகள், ஏழு வயதுச் சிறுமி, முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் சட்டையை இழுத்தாள். “மாமா, இவர் கெட்டவரா, நல்லவரா?” என்று கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இருக்கை வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சென்னையில் கேட்டிராத குரலும் மும்பையில் பார்த்துப் பழகிய முகமும் எங்கோ ஒன்றாகி, நான் ஐயத்தையே மறந்துவிட்டிருந்தேன். இந்த வேஷத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்திருந்தால் தாமே அதை ஏற்றிருப்பேன் என்ற பொருளில் முதல் தோற்ற விழாவில் ரஜினிகாந்த் பேசியது உபசார வார்த்தை அன்று என்று அப்போது விளங்கிற்று.

குறையே இல்லையென்று சொல்லமாட்டேன். இந்திப் பிரதேசங்களில் வசூல் பெறுவதற்கே இந்தி நாயகர் அழைக்கப்பட்டார் என்ற பேச்சில் ஓரளவு உண்மை இருக்கவே வேண்டும். கிழவரின் துயரத்தை அவ்வளவு உருக்கமாகக் காட்டிய படம், முடிவில் அதை மைதானச் சண்டையில் கரைத்துவிட்டது. விஞ்ஞானமும் பலவீனமானதே. கோபுரங்களைத் தவறாகச் சித்திரிக்கிறது என்று செல்பேசி நிறுவனங்களின் சங்கம் படம் வெளிவருமுன்னரே தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. கோபுரக் கதிர்வீச்சுத்தான் குருவிகளை அழித்தது என்பது நிறுவப்பட்ட உண்மையன்று. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவியின் தொகை நாடு முழுவதும் நோக்குமிடத்து ஏறக்குறைய நிலையாகவே இருப்பதாகவும், பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் கூறிற்று. கூடு கட்ட ஓட்டு வீட்டு இறவாணம் இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லை. இவையும் பட்சிராஜன் கோபிக்கத்தக்க காரணங்களே.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும். பொங்கல் விழாவுக்காக எங்கள் பகுதித் தமிழர்கள் பிரகலாதன் நாடகம் போட்டார்கள். உயரமும் உரத்த குரலும் உண்டென்று என்னை இரணியனாக்கச் சிலர் எண்ணினார்கள். நான் படித்ததோ இந்திப் பள்ளி. முதல் ஒத்திகையில், “மூவுலகையும் அழிப்பேன்!” என்று முழங்க வேண்டிய இடத்தில், “மூவுலகையும் அளிப்பேன்!” என்று முழங்கினேன். “இரணியன் தானம் செய்யக் கிளம்பிவிட்டானே!” என்று ஒரு பெரியவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஊரிலிருந்து அண்மையில் வந்த பையன் எவனையாவது போடலாம் என்று பேச்சு எழுந்தது. அன்று இரவு எனக்கு உணவு இறங்கவில்லை. கல்யாணுக்கு அப்பால் பிறந்துவிட்டேன் என்பதற்காக என் தாய்மொழி எனக்கு அந்நியமா என்ற கேள்வி நெஞ்சைக் குடைந்தது.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மட்டும், “இருபது நாள் பையனை என்னிடம் விடுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்” என்றார். இருபது மாலைகள். வாழைப்பழம், கிழவி, மழை என்று நாக்கை மடித்து மடித்துச் சொல்லவைத்தார். நாடகத்தன்று இரணியன் அழித்தான், அளிக்கவில்லை. இன்று இக்கட்டுரையை நான் எழுதுவதும் அந்த இருபது மாலைகளின் பயனே.

என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் குறை கூறவில்லை. ழகரம் தவறினால் இரணியன் இரணியனாக மாட்டான். அவர்கள் ஐயம் சரியே. தாதர்க் கணக்கரின் ஐயமும் சரியே. ஆனால் ஐயப்படுவதோடு நின்றுவிட்டால் வேஷமும் கெடும், பையனும் கெடுவான். இன்று நம் வீட்டுக் குழந்தைகள் இந்தியும் மராட்டியும் ஆங்கிலமும் கலந்த தமிழில் பேசுகிறார்கள். அடுத்த விழா நாடகத்துக்கு அவர்களில் ஒருவன் இரணியனாக வந்து நிற்பான். அவன் எங்கே பிறந்தான் என்று கேட்பதற்கு முன், அவனுக்கு இருபது மாலைகள் கொடுக்க நம்மில் யாருக்கு நேரமிருக்கிறது என்று கேட்டுக்கொள்வோமாக.